சினமும் சுற்றமும்

சினம் ஒருவனுடைய உள்ளத்தில் தோன்றுகிறது. ஆயினும் அது உள்ளத்தோடு நிற்பதில்லை. சொல்லாகவும் செயலாகவும் வெளிப்பட்டு, அருகில் இருப்பவர்களையும் பற்றுகிறது. தனித்து வாழ்பவனுக்குச் சினம் ஒரு நோய் மட்டுமே. வீட்டிலும் பள்ளியிலும் சங்கத்திலும் பலரோடு கூடி வாழ்பவனுக்கோ அது ஒரு சமுதாயச் சிக்கலாகவும் ஆகிவிடுகிறது.

இச்சிக்கலைப் பற்றி அறநூல்கள் நிரம்பப் பேசியுள்ளன. திருவள்ளுவர் வெகுளாமை என ஓர் அதிகாரமே வகுத்தார். ரோமாபுரிச் சிந்தனையாளர் செனிக்கா சினத்தைப் பற்றி மூன்று நூல்கள் எழுதினார். சினத்துக்குச் சிறந்த மருந்து காலத்தாழ்வு என்பது அவர் துணிபு. அவருக்கு முன் வாழ்ந்த கிரேக்க அறிஞர் அரிஸ்டாட்டில், சினம் முற்றிலும் தீயதன்று என்றும், தக்க காரணத்துக்காகத் தக்கவரிடம் தக்க அளவில் தக்க நேரத்தில் சினப்பவனே நடுநிலையாளன் என்றும் கருதினார்.

இவர்கள் கருத்தால் வேறுபட்டாலும், பெரும்பாலும் சினம் கொண்டவனை நோக்கியே பேசுகிறார்கள். 'உன் சினத்தை நீ எவ்வாறு ஆள வேண்டும்?' என்பதே அவர்கள் எழுப்பும் வினா. ஆனால் கூடி வாழும் வாழ்க்கையில் மற்றொரு வினாவும் எழுகிறது. சினந்து நிற்பவன் வேறொருவன். அவன் எதிரே நிற்பவர்கள் செய்யத்தக்கது யாது? அவனுடைய குணம் அவன் பொறுப்பு என்று ஒதுங்கிவிடலாமா? அல்லது அந்தச் சினத்தின்பால் சுற்றத்தாருக்கும் ஒரு கடமை உண்டா?

வெகுளாமை அதிகாரத்திலேயே இதற்கு ஒரு குறிப்பு இருக்கிறது. சினம், தன்னைச் சேர்ந்தவனைச் சுடுவதோடு அமையாமல், அவனைக் காக்கும் புணையாகிய இனத்தையும் சுடும் என்று வள்ளுவர் கூறுகிறார். புணை என்பது தெப்பம். சுற்றத்தை வள்ளுவர் ஒரு தெப்பமாகக் காண்கிறார். தெப்பத்தில் ஒரு மூலையில் தீப்பற்றினால், 'அது அவன் மூலை' என்று மற்றவர்கள் வாளாவிருக்க முடியாது. அவனை மட்டும் நீரில் தள்ளிவிட்டால் தீ அணைந்துவிடும் என்பதும் உறுதியில்லை. ஆதலால் சினத்துக்கு எவ்வாறு விடை கூறுவது என்பது, ஒரே தெப்பத்தில் இருக்கும் எல்லார்க்கும் உரிய வினாவாகும்.

நாள்தோறும் நிகழத்தக்க ஓர் எடுத்துக்காட்டைக் கொண்டு இவ்வினாவை ஆராயலாம். ஒரு சங்கத்தின் ஆண்டுப் பொதுக்கூட்டம் நடைபெறுகிறது. பொருளாளர் வரவு செலவுக் கணக்கைப் படிக்கிறார். உறுப்பினர் ஒருவர் எழுந்து மேசையைத் தட்டுகிறார். கட்டட நிதி எங்கே போயிற்று என்று உரத்த குரலில் கேட்கிறார். தகாத சொல் ஒன்றும் அவர் வாயிலிருந்து வந்துவிடுகிறது. இத்தகைய வேளையில் கூட்டம் வழக்கமாக மூன்று வழிகளில் ஒன்றை மேற்கொள்கிறது.

முதல் வழி, சினத்தைச் சினத்தால் எதிர்ப்பது. 'இதைக் கேட்க நீ யார்? மூன்று ஆண்டுகளாகச் சந்தா கட்டாதவனுக்கு என்ன பேச்சு?' என்று மற்றொருவர் எழுகிறார். சிறிது நேரத்தில் கூட்டம் இரண்டு கட்சியாகிறது. இரண்டாம் வழி, அடக்கிவிடுவது. 'அவர் எப்போதும் இப்படித்தான்' என்று பலர் நகைக்கிறார்கள். தலைவர் அவரை உட்காரச் சொல்கிறார். ஒருவர் முன்மொழிய மற்றொருவர் வழிமொழியக் கணக்கு ஏற்றுக்கொள்ளப்படுகிறது. மூன்றாம் வழி, விட்டுக்கொடுத்து அமைதி வாங்குவது. அவருடைய தொல்லை வேண்டாம் என்று அடுத்த ஆண்டுக்கான செயற்குழுவில் அவருக்கும் ஓர் இடம் தரப்படுகிறது. அதன்பின் அவர் கணக்கைப் பற்றிக் கேட்பதில்லை.

இம்மூன்று வழிகளும் ஒன்றுக்கொன்று மாறுபட்டவை போல் தோன்றும். முதலாவது வன்மை, இரண்டாவது ஒழுங்கு, மூன்றாவது இணக்கம் என்று பெயரிடவும் செய்யலாம். ஆனால் மூன்றுக்கும் பொதுவான ஒரு குறை உண்டு. மூன்றிலும் கணக்குப் புத்தகத்தை எவரும் திறந்து பார்க்கவில்லை. நிதி சரியாக இருந்தால் பொருளாளர் மீது வீண்பழி தங்கிவிட்டது. சரியாக இல்லையென்றால் சங்கம் ஏமாற்றப்பட்டுவிட்டது. இரண்டில் எது உண்மை என்பது கூட்டம் கலைந்த பின்னும் தெரியாமலே போயிற்று.

சினத்தில் வடிவம் ஒன்று, பொருள் ஒன்று. உரத்த குரலும் தகாத சொல்லும் ஓங்கிய கையும் அதன் வடிவம். அதனுள் அடங்கிய முறையீடு அதன் பொருள். வடிவம் தீயதாக இருப்பதனாலேயே பொருள் பொய்யாகிவிடாது. பொருள் உண்மையாக இருப்பதனாலேயே வடிவம் நல்லதாகிவிடாது. ஆகவே சுற்றத்தாருக்கு இரண்டு கடமைகள் உள்ளன. தீய வடிவத்தைத் தடுத்து நிறுத்துவது ஒன்று. பொருளை எடுத்து ஆராய்வது மற்றொன்று. ஒன்றைச் செய்துவிட்டு மற்றொன்றும் செய்தாயிற்று என்று எண்ணிக்கொள்வதுதான் பெரும்பிழை.

முறையீட்டைக் கேளாமையால் வரும் கேட்டைச் சிலப்பதிகாரம் விளக்கிக் காட்டுகிறது. கோவலன் கள்வன் என்று பொற்கொல்லன் சொன்னபோது, பாண்டியன் நெடுஞ்செழியன் ஆராயவில்லை. ஊடிய தேவியைத் தேற்றச் செல்லும் விரைவில் கொலைக்கு ஆணையிட்டான். பிறகு, ஒற்றைச் சிலம்பேந்திக் கண்ணகி வாயிலில் வந்து நின்றாள். வாயிற்காவலன் அவளுடைய தோற்றத்தைக் கண்டு நடுங்கியே அரசனிடம் செய்தி சொன்னான். அச்சம் தரும் அந்தப் பெண்ணை விரட்டிவிடும்படி அரசன் ஆணையிட்டிருக்கலாம். அவ்வாறு செய்யாமல் உள்ளே அழைத்தான். அவள் யார் என்று வினவினான். கள்வனைக் கொல்வது கொடுங்கோல் அன்று எனத் தன் பக்கத்தை எடுத்துரைத்தான். தன் சிலம்பின் பரல் மாணிக்கம் என்று அவள் கூறியபோது, தேவியின் சிலம்பில் இருப்பது முத்து என்று ஒப்புக்கொண்டு, கோவலனிடம் பறித்த சிலம்பைக் கொணரச் செய்தான். கண்ணகி அதனை உடைக்க, மாணிக்கப் பரல் தெறித்தது. தானே கள்வன் எனக் கூறி அரசன் உயிர் துறந்தான்.

இந்த வழக்கில் பாண்டியன் நடந்துகொண்ட முறையில் குறை காண்பதற்கில்லை. சினந்து வந்தவளின் குரலை அவன் குற்றமாக எடுத்துக்கொள்ளவில்லை. அவள் கையிலிருந்த சான்றையே பார்த்தான். ஆயினும் மதுரை எரிந்தது. ஏன்? அவன் கேட்டது காலங்கடந்த கேள்வி. கோவலன் உயிரோடிருந்தபோது அதே கேள்வி எழுந்திருந்தால் கண்ணகிக்குச் சினமே பிறந்திராது. அவளுடைய சினத்தின் மறுபக்கத்தையும் மறைக்க வேண்டியதில்லை. தீக்கடவுளுக்கு ஆணையிடும்போது அந்தணரையும் அறவோரையும் பசுவையும் பத்தினிப் பெண்டிரையும் முதியோரையும் குழந்தைகளையும் விலக்கச் சொன்னாள். எனினும், கோவலன் வழக்கில் எத்தொடர்பும் இல்லாத மக்கள் பலர் அந்நகரில் இருந்திருப்பர். நியாயமான சினமும் வடிவத்தின் எல்லையைக் கடந்தால் குற்றமற்றவர் வீட்டையும் எரிக்கும் என்பது இதனால் புலனாகிறது.

காப்பியத்தில் கண்ட இவ்வுண்மையை மலாயாத் தமிழரின் வரலாற்றிலும் காணலாம். 1941-ஆம் ஆண்டில் சிலாங்கூரின் கிள்ளான் வட்டாரத்தில் இந்தியத் தோட்டத் தொழிலாளர்கள் பெரிய வேலைநிறுத்தத்தில் இறங்கினர். சீனத் தொழிலாளருக்கு நிகரான கூலி அவர்களுடைய கோரிக்கைகளுள் ஒன்று. கள்ளுக்கடைகளை மூட வேண்டும், பிள்ளைகளுக்கு முறையான கல்வி வேண்டும், பெண்களிடம் தகாத முறையில் நடப்பதை நிறுத்த வேண்டும் என்பனவும் அவற்றுள் இருந்தன. துரையின் எதிரே சைக்கிளிலிருந்து இறங்காமல் செல்லும் உரிமையையும் அவர்கள் கேட்டனர். விடியலில் பெரட்டுக்கு நின்று, நாள் முழுதும் மரம் சீவிப் பாலெடுத்தவன், மாலையில் தன் சொந்தச் சைக்கிளிலும் உட்கார்ந்து செல்ல முடியாதவனாக இருந்தான் என்பதை இந்தக் கோரிக்கை தெரிவிக்கிறது.

ஆட்சியாளர் சினத்தின் வடிவத்தை மட்டுமே கண்டனர். மே மாதத்தில் தொழிலாளர் தலைவர் ஆர். எச். நாதன் கைது செய்யப்பட்டு, பின் நாடு கடத்தப்பட்டார். தொழிலாளர்களின் கொந்தளிப்பு முற்றியது. அவசரகாலநிலை அறிவிக்கப்பட்டது, படை வரவழைக்கப்பட்டது, துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் சிலர் உயிரிழந்தனர். வேலைநிறுத்தம் ஒடுங்கியது. ஆனால் கூலியும் கள்ளும் சைக்கிளும் பற்றிய கேள்விகள் ஒடுங்கிவிடவில்லை. போருக்குப் பின் அவை மீண்டும் எழுந்தன. 1954-ஆம் ஆண்டில் தோட்டத் தொழிற்சங்கங்கள் பல இணைந்து தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் உருவாயிற்று. தோட்ட முதலாளிகளோடு ஒரே மேசையில் அமர்ந்து கூலியைப் பேசும் முறை வலுப்பெற்றது. எல்லாக் குறைகளும் அதனால் தீர்ந்தன என்று சொல்ல முடியாது. ஆயினும், வீதியில் கூவித்தான் சொல்ல வேண்டும் என்றிருந்த முறையீட்டுக்கு, எழுதிக் கொடுத்துப் பேசுவதற்கு ஒரு வாயில் கிடைத்தது. வாயில் இருக்கும் இடத்தில் சுவரை இடிக்க வேண்டிய தேவை குறைகிறது.

இவ்விடத்தில் ஒரு தடை எழலாம். சினம் கொண்டவனின் முறையீட்டைக் கேட்டால், சினப்பவனுக்கே பயன் கிடைக்கும் என்று மற்றவர்களும் கற்றுக்கொள்ள மாட்டார்களா? மெல்லப் பேசுகிறவன் பின்தங்க, மேசையைத் தட்டுகிறவன் முன்னேறிவிட மாட்டானா? இத்தடை பொருளற்றதன்று. ஆனால் அதற்கு விடை, சினந்தவனின் முறையீட்டைத் தள்ளுவதில் இல்லை; மெல்லப் பேசுகிறவனின் முறையீட்டையும் அதே கவனத்தோடு கேட்பதில் இருக்கிறது. மெல்லச் சொன்னபோது எவரும் கேளாமையால்தான் பலர் உரக்கச் சொல்லக் கற்றுக்கொள்கிறார்கள். சென்ற ஆண்டு அதே உறுப்பினர் அமைதியாகக் கடிதம் எழுதியிருந்து, அதற்குப் பதிலே வராமற் போயிருந்தால், இந்த ஆண்டு மேசை தட்டப்பட்டதில் செயலாளருக்கும் பங்கு உண்டு.

மற்றொரு தடை இதனினும் கடுமையானது. எல்லாச் சினத்திலும் முறையீடு உண்டா? குடித்துவிட்டு வந்து, சோறு ஆறிப்போயிற்று என்று மனைவியை அடிப்பவனின் சினத்தில் என்ன பொருள் இருக்கிறது? லயத்து வீடுகளில் ஒரு வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் இடையே பலகைச் சுவர் ஒன்றே இருந்தது. அடியும் அழுகையும் அடுத்த வீட்டாருக்குக் கேட்டன. 'அது அவர்கள் குடும்பச் சண்டை' என்று பலர் திரும்பிப் படுத்தனர். மறுநாள் அந்தப் பெண்ணுக்குக் கிடைத்தது, 'நீதான் பொறுத்துப் போக வேண்டும்' என்னும் அறிவுரை. தோட்டங்கள் பல மறைந்து, குடும்பங்கள் அடுக்குமாடி வீடுகளுக்குக் குடிபெயர்ந்த பின்னும் அந்த அறிவுரை மறையவில்லை.

இங்கே வள்ளுவரின் நுட்பம் துணை செய்கிறது. தன் சினம் பலிக்கும் இடத்தில் அதனைக் காப்பவனே சினம் காப்பவன் என்று அவர் கூறுகிறார். பலிக்காத இடத்தில் காத்தால் என்ன, காவாவிட்டால் என்ன என்றும் வினவுகிறார். சினத்தை அளக்கும்போது, அது வலிமையுள்ள இடத்திலிருந்து எளியவரை நோக்கி வருகிறதா, எளியவரிடமிருந்து வலியவரை நோக்கி எழுகிறதா என்று முதலில் பார்க்க வேண்டும் என்பது இதனால் பெறப்படும். மேலிருந்து கீழே இறங்கும் சினம் பெரும்பாலும் முறையீடு அன்று. அது அதிகாரத்தின் கருவி. அதனைத் தடுப்பதும், அடிபடுகிறவரைப் பாதுகாப்பான இடத்துக்குக் கொண்டு செல்வதும், தேவையானால் சட்டத்தின் துணையை நாடுவதுமே சுற்றத்தாரின் முதற்கடமை. அடித்தவனின் மனக்குறையைக் கேட்கக் காலம் பின்னர் வரலாம். அதைக் கேட்கும் கடமை அடிபட்டவளுடையதன்று. பொறுமை உயர்ந்த அறம். ஆனால் அடிப்பவனை விட்டுவிட்டு அடிபடுபவளிடம் மட்டும் பொறுமையைக் கேட்கும் சமுதாயம், அறத்தின் பெயரால் தன் கோழைத்தனத்தை மறைத்துக்கொள்கிறது.

முறையீடே பொய்ச்செய்தியின் மேல் எழுந்ததாக இருந்தால் என்ன செய்வது என்பது மூன்றாவது கேள்வி. சிங்கப்பூரில் 1964-ஆம் ஆண்டு ஜூலை 21-ஆம் நாள் தொடங்கிய இனக்கலவரத்தில் 23 பேர் இறந்தனர்; 454 பேர் காயமுற்றனர். செப்டம்பரில் மீண்டும் மூண்ட கலவரத்தில் மேலும் 13 பேர் இறந்தனர். வதந்திகள் தீயை வளர்த்தன. இங்கு முதலில் ஊரடங்கு ஆணை கலவரத்தைத் தடுத்து நிறுத்தியது. ஆனால் அதனோடு பணி முடிந்துவிடவில்லை. வட்டாரந்தோறும் நல்லெண்ணக் குழுக்கள் அமைக்கப்பட்டன. பல இனங்களையும் சேர்ந்த வட்டாரப் பெரியவர்கள் அவற்றில் இடம் பெற்று, மக்களிடையே நம்பிக்கையை மீட்கவும் வதந்திகளைக் களையவும் பணியாற்றினர். பொய்யை ஆணையால் மட்டும் வெல்ல முடியாது. அறிமுகமான ஒருவர் அருகில் வந்து உண்மையைச் சொல்ல வேண்டும். 'அந்தத் தெருவில் உன் இனத்தானைக் கொன்றுவிட்டார்கள்' என்ற செய்தியை மறுக்க, அந்தத் தெருவில் வாழ்பவனே வந்து நின்றால் அதற்குத் தனி வலிமை உண்டு. பொருளை ஆராய்தல் என்பது பொருளை ஒப்புக்கொள்வதன்று. ஆராய்ந்து பொய் என்று காட்டுவதும் அதனுள் அடங்கும்.

இவ்வாறு நடுவில் நிற்பவருடைய தகுதி யாது? சங்ககாலப் புலவர் கோவூர்கிழாரிடம் அதற்குச் சான்று உண்டு. சோழர் குடியில் நலங்கிள்ளியும் நெடுங்கிள்ளியும் பகைத்தனர். நலங்கிள்ளி உறையூரை முற்றுகையிட, நெடுங்கிள்ளி கோட்டைக்குள் அடைபட்டிருந்தான். அப்போது கோவூர்கிழார் இருவரையும் நோக்கிப் பேசினார். எதிரே நிற்பவன் பனம்பூச் சூடிய சேரனும் அல்லன், வேம்பு சூடிய பாண்டியனும் அல்லன். இருவர் கண்ணியும் ஆத்தியே. எவர் தோற்றாலும் தோற்பது உங்கள் குடியே என்னும் கருத்தை எடுத்துரைத்தார். ஆவூர் முற்றுகையின்போது இதே புலவர், உள்ளே அடைபட்டிருந்த நெடுங்கிள்ளியிடம், பாலின்றிக் குழந்தைகள் அழுவதையும் நீரின்றி மக்கள் வருந்துவதையும் சொன்னார். அறத்தை விரும்பினால் கதவைத் திற, மறத்தை விரும்பினால் வெளியே வந்து போரிடு, இரண்டும் செய்யாமல் அடைத்துக்கொண்டிருப்பது நாணத்தக்கது என்று இடித்துரைத்தார்.

புலவர் எந்தப் பக்கத்துக்கும் ஆள் சேர்க்கவில்லை. 'சண்டை வேண்டாம்' என்ற பொதுமொழியோடும் அவர் நின்றுவிடவில்லை. சினத்தால் துன்புறுகிறவர்கள் யார் என்பதைச் சினந்தவர்களின் கண்முன் கொண்டுவந்தார். இருவரும் ஒரே புணையில் இருப்பதை நினைவூட்டினார். அரசனிடம் பரிசில் பெறும் புலவன் அரசனை இடித்துரைப்பதால் தனக்கு வரும் இழப்பையும் அவர் பொருட்படுத்தவில்லை. நடுநிலை என்பது தொலைவில் நிற்பதன்று. இரண்டு பக்கமும் கேட்கும்படி அருகில் நின்று உண்மை பேசுவது.

இவை யாவும் பள்ளிக்கூடத்தில் நாள்தோறும் தேவைப்படும் பாடங்கள். வகுப்பில் ஒரு மாணவன் புத்தகத்தை வீசி எறிகிறான். உடனே கையோங்குவது முதல் வழி. அவனை வெளியே நிற்க வைத்துவிட்டுப் பாடத்தைத் தொடர்வது இரண்டாம் வழி. அவனுக்கு அஞ்சி, அதன்பின் அவனை எதுவும் கேளாமல் விட்டுவிடுவது மூன்றாம் வழி. நல்லாசிரியர் இம்மூன்றையும் விலக்குகிறார். எறிந்த புத்தகத்தை அவனையே எடுத்து வைக்கச் செய்கிறார். பிறர்மேல் பட்டிருந்தால் மன்னிப்புக் கேட்கச் செய்கிறார். வடிவத்தைப் பற்றிய கடமை அதனோடு முடிகிறது. வகுப்பு முடிந்து, மற்ற மாணவர்கள் சென்ற பின் அவனை அருகில் அமர்த்தி, என்ன நடந்தது என்று கேட்கிறார். காலையில் வீட்டில் அவன் உண்ணாமல் வந்திருக்கலாம். அடுத்திருப்பவன் அவன் தந்தையைப் பற்றி இழிவாகப் பேசியிருக்கலாம். செய்யாத குற்றத்துக்கு முதல் நாள் அவன் தண்டிக்கப்பட்டிருக்கலாம். அல்லது ஒரு காரணமும் இல்லாமலும் இருக்கலாம். கேட்டால்தான் தெரியும்.

ஆசிரியரின் சினம் மாணவனிடம் பலிக்கும். மாணவனின் சினம் ஆசிரியரிடம் பலிக்காது. ஆதலால் வள்ளுவர் கூறிய காவல் முதலில் ஆசிரியருக்கே உரியது. நீரோ மன்னனுக்கு ஆசிரியராக இருந்தவர் செனிக்கா. சினத்தின் தீமையை அவரினும் விரிவாக எழுதியவர் சிலரே. அவருடைய மாணவனோ கொடுங்கோலனாகிப் பிற்காலத்தில் அவரையே உயிர்துறக்க ஆணையிட்டான். நூலறிவைக் கற்பித்தல் மட்டும் போதாது என்பதை இவ்வரலாறு உணர்த்துகிறது. சினம் எழும் இடத்தில் பெரியவர்கள் என்ன செய்கிறார்கள் என்பதைப் பிள்ளைகள் பார்த்துக்கொண்டே இருக்கிறார்கள். உரக்கக் கத்தியவன் வென்றானா, மெல்லப் பேசியவன் கேட்கப்பட்டானா, எளியவனைக் காக்க எவராவது எழுந்தாரா என்பவற்றை அவர்கள் பாடப்புத்தகத்தைவிடக் கூர்ந்து படிக்கிறார்கள்.

வெகுளாமை தனிமனிதனின் அறம். சினத்தின் எதிரே நேர்மையோடு நிற்பது சுற்றத்தின் அறம். ஓங்கிய கையைப் பிடிக்கும் துணிவும், அந்தக் கைக்கு உரியவன் சொல்வதைக் கேட்கும் பொறுமையும், கேட்டபின் கணக்குப் புத்தகத்தைத் திறந்து பார்க்கும் நேர்மையும் அதற்கு வேண்டும். இம்மூன்றும் உள்ள சமுதாயத்திலும் சினம் பிறக்கத்தான் செய்யும். ஆனால் அங்கே அது தெப்பத்தை எரிப்பதற்கு முன், தெப்பத்தில் எங்கே ஓட்டை விழுந்திருக்கிறது என்பதைக் காட்டிவிட்டு அடங்கும்.